நெம்புகோல் எண் 117

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று நான் சொல்லாதது: "இல்லை, நெருப்பில் காட்டவில்லை."

சொன்னது: "ம்."

கேட்டவர் சலூன்காரர். அவருடைய மொட்டைமாடியில் பன்னிரண்டு தேனீப் பெட்டிகள். ஒன்பதாம் பெட்டியை நான் மூடிக்கொண்டிருந்தபோது கேட்டார். "காலைல வேற எடத்துல பெட்டி பார்த்துட்டு வர்றீங்கன்னு டிரைவர் சொன்னாரு. இந்த இரும்பைச் சுட்டுட்டுத்தானே மேடம் வந்தீங்க?" குரலில் சந்தேகமே இல்லை. குடை எடுத்துவந்தீர்களா என்று கேட்பதுபோலக் கேட்டார். நான் "ம்" என்றேன். வாயைத் திறக்காமலே சொல்லக்கூடிய பொய் அது ஒன்றுதான்.

பிறகு அதே நெம்புகோலால் பன்னிரண்டாம் பெட்டியையும் திறந்தேன்.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். அலுவலக ஜீப் தேனீப் பிரிவுக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் கிடைக்கும். அதனால் ஒரே நாளில் இரண்டு இடம். காலையில் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுத் தோட்டம், ஆறு பெட்டி. விதிப்படி மூன்றுக்கு ஒன்று திறந்து பார்க்க வேண்டும். ஆறாம் பெட்டி சுத்தம். அடுத்துத் திறந்த மூன்றாம் பெட்டியில் சில புழு அறைகளின் மூடி உள்வாங்கி, நடுவில் ஓட்டையாக இருந்தது. தீக்குச்சியை ஓர் அறைக்குள் விட்டு மெதுவாக இழுத்தேன். பழுப்பு நிறத்தில் நூல் வந்தது. புழு அழுகல் நோய் என்றால் விரல் நீளத்துக்கு வர வேண்டும். இது அரை விரல். அரை விரல் என்றால் அரை நோயா? அடையில் ஒரு துண்டை நெம்புகோலால் அறுத்துப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டேன். வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். நாலு மணிக்குள் ஜீப்பைத் திருப்பித் தர வேண்டும்.

நெம்புகோலைத் துணியால் மூன்று முறை துடைத்தேன். பையில் கேஸ் பர்னர் இருந்தது. தீப்பெட்டியும் இருந்தது. லேபிளும் இருந்தது.


பிப்ரவரி 5

லேபிளைப் பற்றி எழுதாவிட்டால் நேற்று எழுதியது பாதி உண்மையாகிவிடும்.

நெம்புகோல் என்பது பெட்டியை நெம்பித் திறக்க, சட்டங்களைப் பிரிக்க, அடையைச் சுரண்ட நாங்கள் வைத்திருக்கும் ஒரு சாண் இரும்புப் பட்டை. எங்கள் அலுவலகத்தில் ஒன்றே ஒன்று. சொத்து எண் 117. எண் ஒரு காகித லேபிளில் அச்சாகி, இரும்பின் நுனிப் பக்கம் ஒட்டப்பட்டிருக்கிறது. ஏன் நுனியில்? "பிடியில ஒட்டினா உன் கையே அழிச்சிடும்மா," என்றார் ஸ்டோர் அக்கா.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நான் ஒழுங்காகத்தான் இருந்தேன். ஒவ்வோர் இடத்துக்கும் பிறகு நெம்புகோலைச் செக்கச்செவேலென்று காய்ச்சினேன். லேபிள் கருகிச் சுருண்டு விழுந்தது. சாயங்காலம் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

"நூத்திப் பதினேழு எங்கம்மா?"

"உங்க கையில இருக்கே அக்கா."

"இது ஒரு இரும்பு. நான் கேக்கிறது நூத்திப் பதினேழு."

"அதேதான் இது. லேபிள் மட்டும் எரிஞ்சுபோச்சு."

"லேபிள் இல்லாம அதுதான்னு எப்படிச் சொல்றது? நாளைக்கு நீ ஒரு கரண்டியைக் கொண்டாந்து இதுதான் ஜீப்புன்னு சொல்லுவ. நான் வாங்கி வெச்சுக்கணுமா?"

காணாமல் போனதாக எழுதிக் கொடுத்தேன். 'கடைசியாகப் பார்த்த இடம்' என்ற கட்டத்தில் 'ஸ்டோர் மேஜை' என்று எழுதினேன். மூன்று வாரம் ஆய்வே நடக்கவில்லை. மூன்று வாரமும் அந்த இரும்பு அதே மேஜையில் காகிதம் பறக்காமல் பாரமாக உட்கார்ந்திருந்தது. பிறகு புது லேபிள் ஒட்டி, 'கண்டெடுக்கப்பட்டது' என்று பதிந்து, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள்.

சொந்தமாக ஒன்று வாங்கிக்கொள்கிறேன் என்று அதிகாரியிடம் கேட்டுப் பார்த்தேன். "சொந்தக் கருவியில கண்டுபிடிச்சா அது உங்க சொந்தக் கருத்துங்க," என்றார்.

அன்றிலிருந்து துணியால் துடைக்கிறேன். நோயைவிட ஸ்டோர் அக்காவுக்குத்தான் பயந்திருக்கிறேன். எழுதிப் பார்த்தால் எவ்வளவு அற்பமாக இருக்கிறது.


பிப்ரவரி 9

அம்மா யாரிடமோ போனில்: "என் பொண்ணா? ஈ டாக்டர்." நான் திருத்தவில்லை. இந்த வாரம் யாரையும் திருத்தும் நிலையில் நான் இல்லை.


பிப்ரவரி 17, திங்கள்

ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு மாதிரிக்கு ஆய்வகத்திலிருந்து ஒரே சொல் வந்திருக்கிறது. உறுதி.

அரை விரல் முழு விரலாகிவிட்டது.

உடனே நினைவுக்கு வந்தது அவருடைய தோட்டம் அல்ல, சலூன் மாடி. அதிகாரியின் அறை வாசல்வரை போனேன். அவர் போனில் யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

இன்றும் சொல்லவில்லை.


பிப்ரவரி 18, செவ்வாய்

எங்கள் ஆய்வுப் படிவம் மாட்டுப் பிரிவிலிருந்து வந்தது. மேலே 'மாடு' என்று இருந்த இடத்தை அடித்துவிட்டு 'தேனீ' என்று எழுதினார்கள், மற்றதை அப்படியே விட்டுவிட்டார்கள். ஆறாம் கட்டம்: கொம்பு உண்டா? ஒவ்வொரு பெட்டிக்கும் 'இல்லை' என்று எழுதி வருகிறேன். பதினோராம் கட்டம்: கடைசியாக ஈன்ற தேதி. ராணித் தேனீ ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கு மேல் முட்டையிடும். 'இன்று' என்று எழுதுகிறேன்.

அதிகாரிக்குத் தேனீ என்றால் பயம். ஜீப்பின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளேயே உட்கார்ந்துகொள்வார். பத்தடி தூரத்தில் நிற்கும் எனக்குப் போன் செய்வார்.

"எத்தனை தலைங்க?"

"பெட்டிக்கு முப்பதாயிரம், நாப்பதாயிரம் இருக்கும் சார். தோராயமா."

"தோராயம்னு போட்டா மேல திருப்பி அனுப்பிடுவாங்க. ஒரு எண்ணாச் சொல்லுங்க."

"முப்பத்தி நாலாயிரத்து இருநூத்தி ஆறு."

"பார்த்தீங்களா, எண்ணினா வருதுல்ல?"

ஸ்டேஷன் மாஸ்டர் தோட்டத்தில் ஆறு பெட்டியையும் திறந்தோம். மூன்றிலும் நான்கிலும் நோய். யாரோ விட்டுப்போன பழைய பெட்டி ஒன்றைப் போன வருடம் கொண்டுவந்து நாலாம் எண்ணாக வைத்திருக்கிறார் மாஸ்டர். வந்த வழி தெரிந்துவிட்டது. அவருடைய உளியாலேயே, ஒவ்வொரு தடவையும் பர்னரில் காட்டி, எல்லாவற்றையும் நெம்பினேன். எங்கள் 117 பையைவிட்டு வெளியே வரவில்லை.

அவர் பெட்டிகளைப் பெட்டி என்று சொல்வதில்லை. "நாலாம் நம்பர் காலைல அஞ்சு நிமிஷம் லேட்டும்மா" என்பார். ஒவ்வொரு பெட்டியிலும் முதல் தேனீ எத்தனை மணிக்கு வெளியே கிளம்பியது என்று முப்பது வருடப் பழக்கத்தில் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார்.

எல்லாத் தேனீயும் வீடு திரும்பிய பிறகுதான் எரிக்க முடியும். அதனால் பொழுது சாயும்வரை காத்திருந்தோம். குழி வெட்டியாயிற்று. வாசலை அடைத்து, மேலே பெட்ரோல் ஊற்றி மூடினால் இரண்டு நிமிடத்தில் இரைச்சல் நின்றுவிடும். நின்றது. பிறகு இரண்டு பெட்டியையும் உளியையும் என் கையுறைகளையும் குழியில் இறக்கினோம். தீக்குச்சியைக் கிழிக்கப் போனபோது, "இரும்மா" என்று வீட்டுக்குள் ஓடினார். தண்ணீர் எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். விசிலோடு வந்தார். நீளமாக ஒருமுறை ஊதினார். பக்கத்து வீட்டு ஜன்னல்களெல்லாம் திறந்தன.

நோட்டில் எழுதினார். '3, 4. 6.40. புறப்பட்டது.'

ஜீப்பில் வரும்போது டிரைவர் மட்டும் சொன்னார். "பாவம் மனுஷன். சிரிக்கிறதா அழறதான்னே தெரியலை."


பிப்ரவரி 19

சுற்றுவட்டம் மூன்று கிலோமீட்டருக்குத் தடை உத்தரவு. அதிகாரியே எழுதினார். நகல் எடுத்துக் கொடுத்தது நான்.

'பெறுநர்: பெட்டிகளில் வசிக்கும் தேனீக்கள் (அனைவரும்). மறு உத்தரவு வரும்வரை இவ்வளாகத்தை விட்டு வெளியேறக் கூடாது. மீறினால் நடவடிக்கை.'

"சார், தேனீங்களுக்கு…"

"எல்லாருக்கும் தகவல் சொல்லிட்டோம்னு இருக்கணும்ங்க. அப்புறம் எங்களுக்குத் தெரியாதுன்னு யாரும் சொல்லக்கூடாது."

ஒரு காலத்தில் சில நாடுகளில் எலிகளுக்கும் வெட்டுக்கிளிகளுக்கும் சம்மன் அனுப்பி வழக்கு நடத்தினார்கள் என்று படித்திருக்கிறேன். படித்தபோது சிரித்தேன்.

சலூன் மாடியும் மூன்று கிலோமீட்டருக்குள் வருகிறது. பசை வாளியோடு டிரைவரை அனுப்பினார்கள். நானும் கூடப் போகிறேன் என்றேன். கூடாதாம். ஆய்வு முடிந்து 'நோயற்றது' என்று சான்றிதழ் கொடுத்த இடத்துக்குத் தொண்ணூறு நாள்வரை ஆய்வாளர் மறுபடி போகக் கூடாது. போனால் சான்றிதழைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். சான்றிதழில் கையெழுத்து என்னுடையது. என்னை நானே சந்தேகப்பட எனக்கு அனுமதி இல்லை.

சலூன்காரர் அதற்குச் சட்டம் போட்டு, முடிவெட்டு மாதிரிப் படங்களுக்கு நடுவில் மாட்டியிருக்கிறாராம். "நல்லா பளபளன்னு இருக்கு மேடம்," என்றார் டிரைவர்.


பிப்ரவரி 21

டிரைவர் நோட்டீஸைப் பெட்டிகளின் வாசலிலேயே ஒட்டிவிட்டார். "நோட்டீஸ்னா வாசல்லதானே ஒட்டணும்?" நியாயமான கேள்வி. பன்னிரண்டு வாசலும் அடைபட்டன. ஒரு மணி நேரத்துக்குள் தேனீக்கள் காகிதத்தைக் கடித்துத் துளைபோட்டு வெளியே வந்துவிட்டன. டிரைவருக்கு மூன்று கொட்டு. இடது காது இன்னும் அப்பம் மாதிரி இருக்கிறது.

சலூன்காரர் போனில் சொன்னாராம்: "எல்லாரும் படிச்சுட்டாங்க சார். கையெழுத்துதான் போடலை. கடிச்சுட்டாங்க."

உத்தரவைச் சேதப்படுத்தியது யார் என்று அதிகாரி விளக்கம் கேட்டிருக்கிறார். 'பெறுநர்' என்று எழுதிக் கொடுத்தேன்.


மார்ச் 2

பஸ்ஸில் சலூனைத் தாண்டிப் போனேன். வேலை எதுவும் இல்லை, சும்மாதான் போனேன். மாடிக்கு மேல் தேனீக்கள் போவதும் வருவதும் தெரிந்தது. அதனால் எதுவும் நிரூபணம் ஆகாது. நான் படித்த கவிதைகளில் வரும் வண்டுகள் எவ்வளவு கொடுத்துவைத்தவை. எதற்கும் எந்த நோயும் வருவதில்லை.


மார்ச் 20, வியாழன்

சலூன்காரர் போன் செய்தார். அலுவலகத்துக்கு அல்ல, எனக்கு.

"மூணாம் பெட்டில ஒரு வாரமா நடமாட்டம் கம்மியா இருக்கு மேடம். இன்னிக்கு மூடியைத் தூக்கினேன். பழைய பசை மாதிரி ஒரு வாடை. கொஞ்சம் வந்து பார்த்துட்டுப் போறீங்களா?"

புகார் கொடுத்தால் வரலாம் என்றேன். கொடுக்கிறேன் என்றார். புகார் வந்து, மேலே போய், கீழே வந்து, செவ்வாய்க்கிழமையைப் பிடிக்க ஒரு மாதம் ஆகும். ஒரு மாதத்தில் மற்ற பெட்டிகள்…

நாளை அரைநாள் விடுப்பு. 'காரணம்' என்ற கட்டத்தைக் காலியாக விடக் கூடாதாம். முடி வெட்டிக்கொள்ள என்று எழுதினேன். அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான்.


மார்ச் 21, வெள்ளி

எழுதிக் கொடுத்துவிட்டேனே. வெட்டிக்கொள்ளாமல் வந்தால் அது பொய் ஆகிவிடும். ஒரு 'ம்'முக்குப் பிறகு எனக்கு வந்திருக்கும் நேர்மை இப்படிப்பட்டது.

ஆண்கள் சலூன். முகத்தில் நுரையோடு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். சலூன்காரர் ஒரு கணம்தான் திகைத்தார். "உக்காருங்க மேடம். எவ்வளவு எடுக்கணும்?" தெரியாது என்றேன். "தெரியாதுன்னு வர்றவங்களுக்குத் தோள் வரைக்கும்," என்றார். நாற்காலியிலிருந்து பார்த்தால் கண்ணாடியில் நேராகத் தெரிகிறது என்னுடைய சான்றிதழ். ஒரு பக்கம் சுருட்டை முடி மாதிரிப் படம், மறுபக்கம் மொட்டைத் தலை. நடுவில் 'நோயற்றது'.

சீப்பை மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்தார். கத்தரிக்கோலை ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். பக்கத்து நாற்காலிக்குப் பழைய பிளேடை உருவிப் போட்டுவிட்டுப் புதியதைச் செருகினார். பேசிக்கொண்டே, பார்க்காமலே செய்தார். பள்ளிக்கூடம், மழை, பக்கத்துக் கடைக்காரரின் கண் ஆபரேஷன், ஒன்றையும் விடவில்லை.

இடது பக்கம் வெட்டி முடித்ததும், "வாங்க மேடம், மேல ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாம்," என்றார். ஒரு பக்கம் தோள்வரை, ஒரு பக்கம் இடுப்புவரை முடியோடு நான் அவர் பின்னால் மாடி ஏறினேன். நுரைக்காரர் ஒருவர், "அப்ப நான்?" என்றார்.

பன்னிரண்டையும் அவருடைய உளியால் திறந்தோம். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். மூன்றாம் பெட்டி: நூல், முழு விரல் நீளம். நான்கு, ஐந்து: சுத்தம். ஆறு: நூல். ஏழு, எட்டு: சுத்தம். ஒன்பதைத் திறக்கும்முன் இருவருமே கொஞ்சம் நின்றோம். நூல். பன்னிரண்டு: நூல்.

தீக்குச்சியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நோய்க்கு மூணாம் வாய்ப்பாடு தெரியுது மேடம்."

நான் சொன்னேன். நின்றபடி, பெட்டியைப் பார்த்து. அன்றைக்குச் சுடவில்லை, லேபிள் எரிந்துவிடும் என்று துணியால் துடைத்தேன், நீங்கள் கேட்டபோது 'ம்' என்றது பொய். நாற்பத்தைந்து நாளாக உள்ளே கிடந்தது பத்து நொடியில் முடிந்துவிட்டது.

"தெரியும் மேடம்."

"எப்பலேர்ந்து?"

"அன்னிக்கேதான். சுட்ட இரும்புன்னா கருப்பா இருக்கும். உங்களுது லேபிளோட புதுப் பொண்ணாட்டம் இருந்துச்சு."

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லலை?"

"நாற்காலில உக்காந்திருக்கிறவன் கத்தி வெச்சிருக்கிறவன்கிட்ட எதிர்த்துப் பேசுவானா மேடம்?"

பிறகு, "பகல் பூரா பேசிட்டு, பேசாம இருக்கிறதுக்குத்தான் இங்க வர்றேன்," என்றார். என்னிடம் சொன்னதுபோலவும் இல்லை.

கீழே வந்து வலது பக்கத்தை வெட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. பள்ளிக்கூடம் இல்லை, மழை இல்லை. கத்தரிச் சத்தம் மட்டும். நுரைக்காரர்கள்கூடக் கண்ணாடியில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் மயிரிழை பிசகாமல் ஒரே அளவு.


மார்ச் 22

அம்மா: "என்னடி இது தலை?"

"வெட்டிக்கிட்டேன்."

"எங்க?"

"ஜென்ட்ஸ் சலூன்ல."

அம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "உனக்கு ஏதாவது கஷ்டம்னா என்கிட்ட சொல்லுடி. தலைகிட்ட ஏன் சொல்ற?"

சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை. அம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.


மார்ச் 24, திங்கள்

வாய்மொழிப் புகார் வந்ததாகச் சொல்லி, கிடைத்த விவரத்தை அதிகாரியிடம் வைத்தேன். படிவத்தின் கடைசிக் கட்டம், பதினான்கு: 'நோய் வந்த வழி'. மூன்றே பதில். ஒன்று, வாங்கிய பெட்டி. இரண்டு, இயற்கை. மூன்று, வளர்ப்பவரின் கவனக்குறைவு.

"மூணு போடுங்க," என்றார் அதிகாரி.

"சார், அவர் ரொம்பச் சுத்தமானவர்."

"நாம சான்றிதழ் கொடுத்தப்ப நல்லா இருந்துச்சுல்ல? அதுக்கப்புறம் வந்ததுன்னா யார் தப்பு? பெட்டி எதுவும் வாங்கலைன்னு அவரே சொல்லிட்டாரு. இயற்கைன்னு போட்டா எந்த இயற்கைன்னு கேப்பாங்க."

மூன்று என்று போட்டால் என்ன ஆகும் என்பதை எழுதிப் பார்க்கிறேன். பதிவு ரத்து. நோய் இருக்கிற நான்கோடு சேர்த்து நன்றாக இருக்கிற எட்டும் எரிக்கப்படும். பதிலுக்குத் தேனீக் குடும்பம் தரமாட்டார்கள். ஐந்து வருடம் அவர் பெட்டி வைக்கக் கூடாது. அந்த மாடியில் பேசாமல் இருக்க அவருக்கு எதுவும் மிஞ்சாது.

நாளை காலை பத்து மணிக்குள் படிவம் வேண்டும்.


மார்ச் 25, செவ்வாய்

பதினான்காம் கட்டத்துக்குக் கீழே கோடு இழுத்து 4 என்று போட்டேன். பக்கத்தில் எழுதினேன்: 'ஆய்வாளர். பிப்ரவரி 4 அன்று நெம்புகோல் எண் 117ஐ நெருப்பில் காட்டாமல் 3, 6, 9, 12 ஆகிய பெட்டிகளைத் திறந்தார். அந்தப் பெட்டிகளில் மட்டும் நோய்.' கீழே கையெழுத்து. ஆய்வாளர் என்ற இடத்திலும் அதே கையெழுத்து. குற்றம் சாட்டியவரும் நானே, சாட்டப்பட்டவரும் நானே, இரண்டு நகல்.

அதிகாரி இருமுறை படித்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். அவருக்கு வந்தது குழப்பம்.

"நாலுன்னு ஒண்ணு கிடையாதேங்க."

"தெரியும் சார். அதான் எழுதிட்டேன்."

"இப்ப இதை நான் எங்க அனுப்புறது? இதுக்கு ஃபைலே இல்லையே." பிறகு, கொஞ்சம் தணிந்த குரலில், "உங்களுக்கு எதுக்குங்க இது? அந்தாளு கேக்கக்கூட இல்லை."

அதனால்தான் என்று சொல்ல நினைத்தேன். இதையும் சொல்லவில்லை. ஆனால் இந்த முறை எழுதிக் கொடுத்துவிட்டல்லவா பேசாமல் இருந்தேன்.


ஏப்ரல் 3

விசாரணை. அறைக்குள் அதிகாரி, ஸ்டோர் அக்கா, நான். மேஜை நடுவில் வெள்ளைத் துணிமேல் 117.

"லேபிள் சரியா இருக்கா?" என்று கேட்டார் அதிகாரி.

"ஒரு முனைகூடக் கிழியலை சார்," என்றார் ஸ்டோர் அக்கா. குரலில் பெருமை.

"அப்ப கருவி சரியாத்தானே இருக்கு?"

ஆய்வகத் தாளை நீட்டினேன். போன வாரம் நானே கேட்டு 117ஐ அனுப்பிவைத்திருந்தேன். இரும்பில் பெரிதாக ஒன்றும் இல்லை. லேபிளின் ஓரத்தை ஊசியால் தூக்கி அடியில் தேய்த்துப் பார்த்திருக்கிறார்கள். அங்கேதான் குடியிருக்கிறது. அரை விரல் நூலின் கிருமி, பசைக்கும் காகிதத்துக்கும் நடுவில், அரசுப் பாதுகாப்பில்.

ஸ்டோர் அக்கா மேஜையிலிருந்து கையை மெதுவாக எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

முடிவு: நெம்புகோல் எண் 117க்குத் தொண்ணூறு நாள் தடை. ஸ்டோர் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டி, கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். மீந்துபோன அதே நோட்டீஸ். 'இவ்வளாகத்தை விட்டு வெளியேறக் கூடாது.' இதுவரை அந்த உத்தரவை மதித்து நடக்கும் ஒரே பெறுநர் அதுதான்.

என்மேல் நடவடிக்கை பிறகு வருமாம். சலூன்காரரின் பதிவு ரத்தாகாது. நோய் இருக்கிற நான்கு மட்டும் எரியும், எட்டும் இருக்கும், நான்குக்குப் பதில் நான்கு குடும்பம் தருவார்கள்.

வெளியே வந்ததும் ஸ்டோர் அக்கா என் தோளைத் தொட்டார். "அந்த முதல் தடவை காணோம்னு எழுத வெச்சேனே. அன்னிக்கு நீ என்னைத் திட்டியிருக்கலாம்மா."


ஏப்ரல் 8, செவ்வாய்

நான்கு பெட்டிகள். மாடியில் நெருப்பு கூடாது என்று கீழே காலி மனைக்குக் கொண்டுவந்து குழி வெட்டினோம். என்னைப் போக வேண்டாம் என்றார்கள். போனேன். பெட்டிகளை இறக்கும்போது மறுபக்கத்தைச் சலூன்காரர் பிடித்தார். தீக்குச்சிகூட அவருடையதுதான். என்னை 'மேடம்' என்று கூப்பிடவில்லை, வேறு எதுவும் சொல்லியும் கூப்பிடவில்லை.

விசில் ஊத யாரும் இல்லை. அது இல்லாதது குறையாக இருந்தது. இப்படி நினைப்பேன் என்று நினைக்கவே இல்லை.


ஏப்ரல் 16

உத்தரவு வந்தது. 'படிவத்தில் இல்லாத பதிலை எழுதியதற்காக' என்னை ஆய்விலிருந்து நீக்கி ஸ்டோருக்கு மாற்றியிருக்கிறார்கள். நோயைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

அம்மா: "ஸ்டோரா? நிழல்ல உக்கார்ற வேலை. நல்லதாப் போச்சு." கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப நீ இனிமே ஈ டாக்டர் இல்லையா?"


மே 27

லேபிள் வேண்டாம், எண்ணை இரும்பிலேயே உளியால் வெட்டிவிடலாம் என்று எழுதியதற்கு ஒன்பதாவது கடிதத்தில் அனுமதி வந்தது. ஆய்வகத் தாளைக் கூட வைத்து அனுப்பினேன். 'காகிதம் நோய் பரப்பும்' என்ற வரி அலுவலகத்தில் ஒரு பீதியைக் கிளப்பியிருக்கிறது. அதிகாரி இப்போது ஃபைல்களைக் குச்சியால் திறக்கிறார்.


ஜூலை 8, செவ்வாய்

117க்குப் போன வாரம் தடை முடிந்தது. லேபிளை நானே பர்னரில் காட்டி எரித்தேன். ஸ்டோர் அக்கா பக்கத்தில் நின்று பார்த்தார், கடைசித் துளி கருகும்வரை. வெல்டிங் கடையில் கொடுத்து எண் வெட்டி வாங்கினேன். இன்று புது ஆய்வாளர் கையெழுத்துப் போட்டு எடுத்துப்போனார். மாட்டுப் பிரிவிலிருந்து வந்தவர். எங்கள் படிவத்தைப் பார்த்ததும் சொந்த ஊருக்கு வந்தமாதிரி இருந்ததாம்.

சாயங்காலம் டிரைவர் வந்து கதை சொன்னார். காலையில் ஸ்டேஷன் மாஸ்டர், மதியம் சலூன் மாடி. புதிதாகக் கொடுத்த நான்கு குடும்பமும் பழைய இடங்களிலேயே இருக்கின்றன. மூன்று, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு. புது ஆய்வாளர் முதல் பெட்டியில் கை வைக்கும்முன் சலூன்காரர் கேட்டிருக்கிறார்.

"சார், இரும்பைச் சுட்டுட்டுத்தானே வந்தீங்க?"

"ம்."

"அப்படியா? இன்னொரு தடவை சுட்டுடுங்க, என் கண்ணு முன்னாடி." ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, அவர் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாராம். இரும்பு கறுக்கும்வரை கையை இறக்கவில்லை.

"அந்தச் சான்றிதழ் இன்னும் மாட்டியிருக்கா?" என்று கேட்டேன்.

"இல்லை மேடம். அந்த எடத்துல இப்ப ஒரு படம் இருக்கு. தோள் வரைக்கும் வெட்டின பொம்பளை தலை."

ஐந்து மணிக்கு 117 திரும்பி வந்தது. கன்னங்கரேல் என்று இருந்தது. எண் தெளிவாகத் தெரிந்தது. வாங்கி வைத்துக்கொண்டேன்.